ஓபன் டி ஸ்லைடுக்குக் கம்பி: 12 செட்டும் மூன்று தனிக் கம்பிகளும்

அகூஸ்டிக் கிட்டாரில் ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பிகள்மேல் வழுக்கும் குழாய்) வாசிக்கக் கம்பி கேட்டால் கிடைக்கும் முதல் பதில் "தடிமனா போடு". பதில் தவறில்லை, ஆனால் பாதிதான். எந்தக் கம்பி, எவ்வளவு தடிமன், எந்தச் சுருதியில் என்று கணக்குப் பார்க்காமல் தடித்த செட்டை மாட்டினால் நடுக் கம்பிகள் இரும்பாக இறுகும். மெல்லிய 1ஆம் கம்பியும் தடித்த 6ஆம் கம்பியும் அப்போதும் தொளதொள என்றே இருக்கும். ஸ்லைடு ஆறு கம்பிகளின் மேலும் ஒரே நேரத்தில் படுக்கும் பொருள். அதற்கு இறுக்கத்தைவிட, எல்லாக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இறுகியிருப்பது முக்கியம்.

எடுத்துக்கொண்ட கிட்டார்: தட்டையான மேல்பலகை கொண்ட ட்ரெட்நாட். கம்பி நீளம் 25.5 அங்குலம் (648 மி.மீ.), சேடில் (மேல்பலகையில் ஒட்டிய பிரிட்ஜில், கம்பிகள் ஏறிச் செல்லும் துண்டு) வளைவு 16 அங்குல ஆரம். 12ஆம் ஃபிரெட்டில் ஆக்‌ஷன் (ஃபிரெட்டின் மேல் கம்பி நிற்கும் உயரம்) 1ஆம் கம்பிக்கு 2.0 மி.மீ., 6ஆம் கம்பிக்கு 2.4 மி.மீ. மாட்டியிருந்தது சாதாரண 12–53 லைட் செட் (1ஆம், 6ஆம் கம்பிகளின் தடிமன் அது; சுருக்கமாக 12 செட்). ஸ்லைடு பித்தளைக் குழாய், சுண்டுவிரலுக்கு. சுருதி ஓபன் டி (விரல் வைக்காமல் மீட்டினாலே டி மேஜர் ஒலிக்கும் சுருதி), அமெரிக்கத் தென்மாநிலங்களின் பழைய பெயரில் வெஸ்டபோல். தடித்த கம்பியிலிருந்து தொடங்கினால் டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நம் வழியில் டி-யை ஆதார ஷட்ஜமாக வைத்தால் ச-ப-ச-க-ப-ச. காந்தாரம் அந்தர காந்தாரம்.

தடிமனை (கேஜ்) சொல்லும் முறை: 12 என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு, அதாவது 0.30 மி.மீ. 14 என்றால் 0.36 மி.மீ., 18 என்றால் 0.46, 56 என்றால் 1.42. மேலே எதுவும் சுற்றாத எஃகை வெறுங்கம்பி என்றும், வெண்கலம் சுற்றியதைச் சுற்றுக்கம்பி என்றும் இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலில் 12 செட்டை அப்படியே ஓபன் டி-க்கு இறக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஒரு கம்பியை ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் அதன் இழுவிசையில் சுமார் 21 சதவீதம் போய்விடும். அரை ஸ்வரம் இறக்கினால் 11 சதவீதம். ஓபன் டி-யில் 1, 2, 6ஆம் கம்பிகள் முழு ஸ்வரமும் 3ஆம் கம்பி அரை ஸ்வரமும் இறங்குகின்றன. 4, 5 இரண்டும் அசைவதே இல்லை. சாதாரணச் சுருதியில் (தடித்த கம்பியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ) 10.6 கிலோ இழுத்துக்கொண்டிருந்த 12 கேஜ் 1ஆம் கம்பி, டி-யில் 8.4 கிலோவுக்கு வந்துவிடுகிறது. 16 கேஜ் 2ஆம் கம்பியும் ஏ-யில் அதே 8.4 கிலோ. பக்கத்திலேயே 4ஆம் கம்பி 13.8 கிலோவில் நிற்கிறது. மெட்டின் பெரும்பகுதி ஓடுவது 1, 2ஆம் கம்பிகளில்தான். தளர்ந்து கிடப்பதும் அவைதான்.

இந்தத் தளர்ச்சியை 3ஆம் ஃபிரெட்டில் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் ஏறும் பள்ளமிட்ட துண்டு) அந்த ஃபிரெட் 103 மி.மீ. தூரம். அங்கே ஃபிரெட்டின் தலைக்கும் 1ஆம் கம்பிக்கும் உள்ள இடைவெளி இந்தக் கிட்டாரில் ஏறக்குறைய 1.0 மி.மீ. ஸ்லைடின் எடையும் விரலின் அழுத்தமும் சேர்ந்து 100 கிராம் அந்தக் கம்பிமேல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.4 கிலோவில் நிற்கும் கம்பி 1.03 மி.மீ. தாழும். ஃபிரெட்டில் 'டக்' என்று தட்டும். அதே இடத்தில் 14 கேஜ் கம்பி டி-யில் 11.4 கிலோ இழுக்கும். அது 0.76 மி.மீ. மட்டுமே தாழும், தட்டாது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டே பங்கு தடிமன் கூடியதற்குக் கிடைத்த பலன் இது.

சேடிலை உயர்த்தினால் போதாதா என்றால், போதாது. சேடிலை 1 மி.மீ. உயர்த்தினால் 12ஆம் ஃபிரெட்டில் அரை மி.மீ. ஏறும், 3ஆம் ஃபிரெட்டில் ஏறுவது வெறும் 0.16 மி.மீ. 12ஆம் ஃபிரெட்டில் அதே 100 கிராம் அழுத்தம் 12 கேஜ் கம்பியை 1.9 மி.மீ. தாழ்த்துகிறது, அங்கே சேடில் உயரம் உண்மையிலேயே காப்பாற்றும். ஆகவே மேல் ஃபிரெட்டுகளுக்கு ஆக்‌ஷன், கீழ் ஃபிரெட்டுகளுக்குக் கம்பியின் இழுவிசை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் சேடிலை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர்கள் கிட்டாரை வீணாக்குகிறார்கள். 3ஆம் ஃபிரெட்டில் தட்டல் நின்றிருக்காது, விரலால் அழுத்தி வாசிக்கவும் முடியாமல் போயிருக்கும்.

நட்டை உயர்த்துவது மூன்றாவது வழி. 0.3 மி.மீ. ஏற்றினால் 3ஆம் ஃபிரெட்டில் 0.25 மி.மீ. கிடைக்கும், நல்ல ஆதாயம்தான். ஆனால் முதல் மூன்று ஃபிரெட்டுகளில் விரல் வைப்பது கடினமாகும், ஸ்வரமும் கூர்மையாக ஏறும். விரலும் ஸ்லைடும் கலந்து வாசிக்கிற கிட்டாரில் நட்டைத் தொடாமல் இருப்பதே நல்லது. மடியில் கிடத்தி மட்டுமே வாசிப்பதென்றால் கணக்கு வேறு. அதற்கு நட்டின் மேல் கவிழ்க்கும் உலோக உயர்த்தியே கிடைக்கிறது. நம் சித்திரவீணையில் ஃபிரெட்டே கிடையாது என்பதால் கோட்டு (கம்பிமேல் தேய்க்கும் கட்டை) தட்டுவதற்கு எதுவும் இல்லை. கிட்டாரில் ஃபிரெட்டுகளுக்கு மேலே மிதந்துகொண்டே அதே ஜாருவை (ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் கமகம்) எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கணக்கு.

இனி தேர்வு. 13–56 மீடியம் செட் பலரும் சொல்லும் வழி. சாதாரணச் சுருதியில் 12–53 செட் மொத்தம் சுமார் 74 கிலோ இழுக்கிறது, 13–56 செட் சுமார் 84 கிலோ. மீடியம் செட்டை ஓபன் டி-க்கு இறக்கினால் சுமார் ஒன்பதரை கிலோ குறைந்து, லைட் செட்டின் சாதாரணச் சுருதி அளவுக்கே வந்துவிடுகிறது. அதனால் கிட்டாரின் உடலுக்கு ஆபத்தில்லை, லைட் செட்டுக்குக் கட்டிய கிட்டாரும் தாங்கும். குறை சமநிலையில்தான். 13 கேஜ் 1ஆம் கம்பி டி-யில் 9.9 கிலோ, 4ஆம் கம்பியோ 16 கிலோவைத் தாண்டுகிறது. ஸ்லைடைப் படுக்க வைத்தால் நடுவில் கல்மேல் தேய்ப்பதுபோலவும் ஓரத்தில் மெத்தைமேல் தேய்ப்பதுபோலவும் கைக்குத் தெரியும்.

நாங்கள் பரிந்துரைப்பது வேறு. லைட் செட்டின் நடு மூன்று கம்பிகளை அப்படியே வைத்துக்கொண்டு, சுருதி முழு ஸ்வரம் இறங்குகிற 1, 2, 6ஆம் கம்பிகளை மட்டும் தடிப்பாக்குவது:

1ஆம் கம்பி, டி: 14 வெறுங்கம்பி, 11.4 கிலோ
2ஆம் கம்பி, ஏ: 18 வெறுங்கம்பி, 10.6 கிலோ
3ஆம் கம்பி, எஃப் ஷார்ப்: 24 சுற்றுக்கம்பி, சுமார் 12.2 கிலோ
4ஆம் கம்பி, டி: 32 சுற்றுக்கம்பி, சுமார் 13.8 கிலோ
5ஆம் கம்பி, ஏ: 42 சுற்றுக்கம்பி, சுமார் 13.6 கிலோ
6ஆம் கம்பி, டி: 56 சுற்றுக்கம்பி, சுமார் 10.4 கிலோ

மொத்தம் சுமார் 72 கிலோ. லைட் செட் சாதாரணச் சுருதியில் இழுப்பதைவிடவும் இது குறைவு. ஆனால் 1ஆம் கம்பி பழைய 8.4 கிலோவுக்குப் பதில் 11.4 கிலோவில் நிற்கிறது. கிட்டாருக்கு ஒரு கிலோகூடக் கூடுதல் சுமை இல்லாமல், வேண்டிய இடத்தில் மட்டும் இறுக்கம். சுற்றுக்கம்பிகளின் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும், வெறுங்கம்பிகளுடையது மாறாது.

ஓபன் ஜி-க்கு (டி, ஜி, டி, ஜி, பி, டி, ஜி-யை ஷட்ஜமாக வைத்தால் ப-ச-ப-ச-க-ப) இறங்குவது 1, 5, 6ஆம் கம்பிகள். அதனால் 14, 17, 24, 32, 45, 56. 2ஆம் கம்பி பி-யிலேயே நிற்பதால் அங்கே 18 வேண்டாம். அது 13.4 கிலோவுக்குப் போய்விடும், 17 போதும். மொத்தம் ஏறக்குறைய 74 கிலோ.

தனிக் கம்பி எல்லாக் கடையிலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டாருக்கான 11 செட் ஒன்று வாங்குங்கள். அதன் 2ஆம் கம்பி 14, 3ஆம் கம்பி 18, இரண்டும் வெறுங்கம்பிகள். 3ஆம் கம்பி சுற்றுக்கம்பியாக வரும் செட்டுகளும் உண்டு என்பதால் உறையில் பார்த்து வாங்க வேண்டும். வெறுங்கம்பியில் எலெக்ட்ரிக், அகூஸ்டிக் என்ற வேறுபாடு கிடையாது, இரண்டும் அதே எஃகுதான். 56க்கு மட்டும் ஒரு மீடியம் செட்டைப் பிரிக்க வேண்டும். அது கைவசம் இல்லையென்றால் லைட் செட்டின் 53ஐயே விடலாம், டி-யில் சுமார் 9.4 கிலோ நிற்கும். கட்டைவிரலால் ஓங்கி அடித்தால் கொஞ்சம் பிளிறும், அவ்வளவுதான்.

டோப்ரோ (மடியில் கிடத்தி வாசிக்கும், உலோகக் கூம்புள்ள கிட்டார்) செட்டை இதற்கு வாங்காதீர்கள். 16இல் தொடங்கி 56இல் முடியும் அந்தச் செட், ஜி-பி-டி-ஜி-பி-டி சுருதிக்கு, பெரும்பாலும் சதுரக் கழுத்துக் கருவிகளுக்காகச் செய்தது. 16 கேஜ் 1ஆம் கம்பி டி-யில் 14.9 கிலோ இழுக்கும். மேல்பலகை மெல்லிய கிட்டாருக்கு அது வேண்டாத சுமை.

3ஆம் கம்பியில் தயக்கம் வரும். சுற்றுக்கம்பிமேல் ஸ்லைடு போனால் சுற்றின் பள்ளங்களில் உரசி 'கிர்ர்' என்ற ஓசை எழும். 3ஆம் கம்பியை 22 வெறுங்கம்பியாக மாற்றினால் (எஃப் ஷார்ப்பில் 11.2 கிலோ) அந்த ஓசை போய்விடும். ஆனால் சேடில், சுற்றுக்கம்பிக்கு ஏற்ப முன்தள்ளி வெட்டியது. வெறுங்கம்பி அங்கே விரலால் அழுத்தினால் சுருதி ஏறி நிற்கும். ஸ்லைடுக்கு அது பொருட்டில்லை, ஸ்வரம் வைப்பது காதுதானே. விரலையும் பயன்படுத்துகிறவர்கள் சுற்றுக்கம்பியிலேயே இருங்கள். அந்த உரசல் இந்த வாசிப்பின் குரலில் ஒரு பகுதி என்பது எங்கள் கருத்து. மொத்தமாக அழித்துவிட்டால் ஒலி உயிரற்றுப் போகிறது.

உலோகம்: பாஸ்பர் பிரான்ஸ் நல்ல நடுநிலை. 80/20 பிரான்ஸ் முதல் சில நாட்கள் உரசலைப் பெரிதாக்கிக் காட்டும். நிக்கல் சுற்றியவை மந்தமாகவும் அமைதியாகவும் ஒலிக்கும், பித்தளை ஸ்லைடோடு நன்றாகப் பொருந்தும். பாதி தட்டையாக மழித்த சுற்றுள்ள செட்டுகளில் உரசல் கணிசமாகக் குறையும், கூடவே பளபளப்பும் குறையும். மேல்பூச்சுள்ள கம்பிகள் கண்ணாடி ஸ்லைடுக்குச் சரி. உலோக ஸ்லைடு அந்தப் பூச்சைச் சீக்கிரமே பஞ்சுபோலப் பிரித்துவிடும்.

கம்பியின் தேர்வு ஸ்லைடின் எடையோடும் சேர்ந்தது. 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர், 60 மி.மீ. நீளம் என்று ஒரு குழாயை எடுத்தால், பித்தளையில் அது சுமார் 106 கிராம், எஃகில் 98, கண்ணாடியில் 31. எடையில் ஒரு பகுதியைக் கை தாங்கினாலும் வேறுபாடு மூன்று மடங்கு. மெல்லிய கண்ணாடி ஸ்லைடோடு மென்மையாக வாசிப்பவருக்கு 12 செட்டே ஓடும், இந்த மாற்றம் எதுவும் தேவையில்லை. பித்தளை என்றால் தேவை.

இனி மாட்டும் வேலை. எல்லாக் கம்பிகளையும் தளர்த்திக் கழற்றியதும் முதலில் நட்டைப் பாருங்கள். 12க்கு வெட்டிய பள்ளத்தில் 14 நுழையும், ஆனால் பிடித்துக்கொள்ளும். சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று சத்தம் வந்து, சுருதி காட்டும் ட்யூனரின் முள் குதித்தால் அதுதான் காரணம். பள்ளம் கம்பியைவிட 0.05 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். நட் அரம் இல்லையென்றால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வெல்டிங் டிப் கிளீனரில் 0.4 மி.மீ. கம்பி 1ஆம் பள்ளத்துக்கும், 0.5 மி.மீ. கம்பி 2ஆம் பள்ளத்துக்கும் போதும். 6ஆம் பள்ளத்துக்குப் பழைய 42 கம்பியில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி நாலைந்து முறை இழுத்தால் ஆயிற்று. பக்கவாட்டில்தான் அகலப்படுத்த வேண்டும், அடியை ஆழப்படுத்தக் கூடாது. ஸ்லைடுக்கு நட்டில் தாழ்ந்த கம்பியைவிடக் கெட்டது வேறில்லை. கையைக் கம்பி முறுக்கும் திருகாணிகள் பக்கம் லேசாகச் சாய்த்து இழுத்தால், கம்பி ஃபிரெட் பக்க விளிம்பில் உட்காரும். கடைசியில் பென்சில் முனையால் பள்ளத்தில் இரண்டு கோடு.

சேடிலுக்கு, பழையதை ஒட்டுப்போட்டு உயர்த்தாமல் எலும்பில் புதியதே செய்வது நல்லது. பழையதைவிட ஓரங்களில் 1 மி.மீ., நடுவில் 0.8 மி.மீ. உயரம். இப்படி வைத்தால் வளைவு 16 அங்குலத்திலிருந்து ஏறக்குறைய 20 அங்குலத்துக்குத் தட்டையாகும். 16 அங்குல வளைவில் சேடிலிடத்தில் நடுக் கம்பிகள் ஓரக் கம்பிகளைவிட 0.9 மி.மீ. மேலே நிற்கின்றன. நேரான ஸ்லைடு ஆறையும் தொட வேண்டுமானால் நடுவை அவ்வளவு அமுக்கியாக வேண்டும். தட்டையாக்கினால் அது 0.7 மி.மீ. ஆகும். இதற்குமேல் தட்டையாக்கினால் விரல் வாசிப்பில் நடுக் கம்பிகள் ஃபிரெட்டில் உரச ஆரம்பிக்கும். அடிப்பாகத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். அடி துளி வளைந்திருந்தாலும், சேடிலுக்கடியில் பிக்கப் உள்ள கிட்டாரில் ஒரு கம்பி உரக்கவும் இன்னொன்று செத்தும் கேட்கும். பழைய சேடிலைப் பெட்டியிலேயே போட்டுவையுங்கள். சாதாரண வாசிப்புக்குத் திரும்ப அது போதும்.

கம்பியைப் பிரிட்ஜில் பிடித்து நிறுத்தும் பின்னைப் போடும்போது கம்பியின் குமிழ், பின்னின் நுனியில் தொங்காமல் உள்ளே பிரிட்ஜ் தகட்டில் பதிய வேண்டும். குமிழுக்கு மேலே லேசாக மடித்து நுழைத்து, பின்னை அழுத்திக்கொண்டே கம்பியை மேலே இழுங்கள். 18 வெறுங்கம்பியில் ஒரு சிக்கல் உண்டு. குமிழையடுத்த முறுக்கு நீளமாக இருந்தால் அது சேடிலின் மேலேயே ஏறி உட்காரும், கம்பி அங்கே இரையும், பிறகு அறுந்தும் போகும். பழைய கம்பியிலிருந்து ஒரு குமிழை வெட்டியெடுத்து இதில் கோத்துவிட்டால் முறுக்கு கீழே இறங்கிவிடும்.

திருகாணியில் சுற்றுக்கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, வெறுங்கம்பிக்கு மூன்று நான்கு. சுருதி சேர்த்ததும் 12ஆம் ஃபிரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் ஒரு சென்டிமீட்டர் தூக்கித் தூக்கி விடுங்கள். இறங்காமல் நிற்கும்வரை மூன்று நான்கு தடவை. மொத்தச் சுமை பழைய அளவிலேயே இருப்பதால் டிரஸ் ராடை (கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) தொடவேண்டி வராது. 1ஆம் ஃபிரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கிடுக்கி) போட்டு 14ஆம் ஃபிரெட்டை அழுத்தினால் 7ஆம் ஃபிரெட்டில் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். இருபத்துநான்கு மணி நேரம் கழித்து மீண்டும் அளக்கவும். பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் ஒரு காகித ஓரம் நுழைகிறதா என்றும் அப்போதே பாருங்கள். நுழைந்தால் கோந்து விட்டுக்கொண்டிருக்கிறது, ஸ்லைடைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் இந்தக் கிட்டாரின் ஆக்‌ஷன் 2.5, 2.9 மி.மீ. பித்தளை ஸ்லைடு 3ஆம் ஃபிரெட்டில் தட்டாமல் ஓடுகிறது. ஓங்கி அமுக்கினால் மட்டும் 'டக்' கேட்கும், அது கை பழக வேண்டிய விஷயம். ஸ்லைடு ஃபிரெட்டுகளுக்கு நடுவில் அல்ல, ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வர வேண்டும். ஸ்லைடுக்குப் பின்னால், நட் பக்கம், மிச்ச விரல்கள் கம்பிகளை மெல்லத் தொட்டிருக்க வேண்டும். தடித்த கம்பி பின்பக்கமும் நன்றாக அதிரும். அடக்காவிட்டால் இரண்டு ஸ்வரம் ஒன்றாகக் கேட்கும்.

3ஆம் கம்பியின் காந்தாரத்தை ட்யூனரின் முள்ளை நம்பிச் சேர்க்காதீர்கள். ஆறு கம்பியையும் மீட்டி, அலைவு அடங்கும்வரை காதால் இறக்குங்கள். முள் 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே காட்டுகிற இடத்தில் காந்தாரம் ஷட்ஜமத்தோடு கரைந்து நிற்கும். நம் காதுக்கு இது தம்புராவின் பழக்கம், சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓபன் இ வேண்டுமென்றால் இந்தக் கம்பிகளை ஏற்றாதீர்கள். டி-யிலேயே வைத்து 2ஆம் ஃபிரெட்டில் கேப்போ போடுங்கள். வெறும் 12 செட்டை ஓபன் இ-க்கு ஏற்றினாலே 4, 5ஆம் கம்பிகள் 26 சதவீதமும் 3ஆம் கம்பி 12 சதவீதமும் கூடி, மொத்தத்தில் கிட்டத்தட்ட 9 கிலோ ஏறும். மாட்டியது லைட் செட், இழுப்பது மீடியம் செட் அளவு.

கடலோர ஊர்களில் வெறுங்கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்புள்ளி ஒவ்வொன்றும் ஸ்லைடின் கீழே சொரசொரவென்று தெரியும். வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஸ்லைடில் ஃபிரெட் தேய்மானம் இல்லாததால் சுற்றுக்கம்பிகள் நீண்ட நாள் உழைக்கும். பெரும்பாலும் 14, 18 இரண்டை மட்டும் மாற்றினால் போதும்.

கிட்டார் பெட்டிக்குள் ஒரு சீட்டில் "ஓபன் டி, 14–18–24–32–42–56, இ-க்கு ஏற்றாதே" என்று எழுதி ஒட்டிவையுங்கள். வேறு யாராவது எடுத்து, வழக்கம்போல 1ஆம் கம்பியை இ-க்குத் திருகினால் அது 14.4 கிலோவுக்குப் போகும். மற்றவற்றையும் அப்படியே சாதாரணச் சுருதிக்குக் கொண்டுபோனால் மொத்தம் சுமார் 82 கிலோ ஆகிவிடும், லைட் செட்டுக்குக் கட்டிய மேல்பலகை பிரிட்ஜுக்குப் பின்னால் உப்பத் தொடங்கும்.